பெட்டிக்குள் அறுபத்தைந்து

சதவீதம் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு கிலி. பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம், டெபாசிட்டுக்கு எத்தனை சதவீத வட்டி, டி.ஏ. எத்தனை சதவீதம் ஏறிற்று, இன்கம்டாக்ஸில் எத்தனை சதவீதம் போயிற்று என்று, பிறந்ததிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை இந்த ஒரு குறிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் சுருட்டுக்கும் ஒரு சதவீதம் உண்டு, அதற்காக ஒரு குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் என்பது போன வருஷம்வரை எனக்கே தெரியாது.

குடும்பம் என்னுடையதுதான். ஊர் பெரம்பலூர். கட்சிகள் இரண்டு: எழுபது கட்சி, அறுபத்தைந்து கட்சி.

என் தாய்மாமா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். காலையில் பெரம்பலூரிலிருந்து பஸ், சாயங்காலம் அரியலூரிலிருந்து பஸ். செட்டிகுளம் பக்கம் பூர்வீகமாக ரெண்டு ஏக்கர். அதில் சின்ன வெங்காயம். வாயில் எந்நேரமும் உறையூர்ச் சுருட்டு. 2011-ல் திருச்சியில் ஒரு டாக்டர் அவர் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “பெரியவரே, சுருட்டு, நீங்க... ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும்” என்றார். மாமா தம்மை மிச்சம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அன்றைக்கு விட்டவர்தான். அத்தை சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டிருந்ததை அடுத்த வாரமே செலுத்திவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு, துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் அவர் பையன் (எனக்கு மச்சான்) லீவில் வரும்போது என்ன வாங்கி வந்தான் தெரியுமா? ஒரு பெட்டி ஹவானா சுருட்டு. எண்ணி இருபத்தைந்து. 2016-ம் வருஷத்து சுங்க பேக்கேஜ் விதிகளில் ஒரு பயணிக்கு அனுமதித்த கணக்கும் அதே இருபத்தைந்துதான். மச்சான் சட்டத்தை மதிக்கிறவன். அப்பாவின் டாக்டரைத்தான் மதிப்பதில்லை.

“ஏண்டா, அவரே கஷ்டப்பட்டு விட்டிருக்காரு...” என்றேன்.

“குடிக்கறதுக்கு இல்ல மாப்ள. சின்ன வயசுல அப்பான்னா எனக்கு அந்த வாசனைதான். நல்லதா ஒரு பெட்டி வீட்டுல இருக்கட்டும். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஆச்சுன்னா நாலு பேருக்குக் குடுப்பாரு.”

பெட்டியோடு ஒரு சின்ன வட்ட மீட்டரும் தந்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். காற்றில் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற மீட்டர். போகிறபோது வாசலில் நின்று சொன்னது ஒரே ஒரு வார்த்தை: “எழுபதுல வைங்கப்பா.”

அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டு விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இங்கிலீஷில் ‘செரூட்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அது நம் ‘சுருட்டு’தான். பிரெஞ்சுக்காரன் வாய் வழியாக இங்கிலீஷ்காரனிடம் போய்ச் சேர்ந்தது. திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டன் போன காலம் ஒன்று உண்டு. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே ‘கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று துப்பறிந்துவிடுகிறார் மனிதர். சர்ச்சில்கூட நம் ஊர்ச் சுருட்டுக்கு ரசிகர் என்று சொல்வார்கள்.

‘அது திருச்சி, உமக்கென்ன?’ என்று கேட்காதீர்கள். 1995 வரை நாங்களும் திருச்சி ஜில்லாதான். அந்த வருஷம்தான் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் எங்களோடு வந்தது. 2001-ல் அரியலூர் தனிக்குடித்தனம் போயிற்று. 2002-ல் மறுபடி எங்களோடு. 2007-ல் மறுபடி தனியே. வாடகை வீட்டுக்காரன்கூட இத்தனை தடவை சாமான் ஏற்றி இறக்கியிருக்க மாட்டான். ஆக, ஹோம்ஸ் கண்டுபிடித்த சாம்பலில் எங்கள் ஜில்லாவின் பெயரும் இருந்தது என்பது மாமாவின் வாதம்.

ஆனால் உறையூர்ச் சுருட்டுக்கு யாரும் மீட்டர் வைத்ததில்லை. பெட்டிக்கடையில் கண்ணாடி ஜாடி, அதிலிருந்து சட்டைப் பை, அதிலிருந்து வாய். சேர்த்து வைக்கிற பேச்சே கிடையாது. ஹவானா சமாசாரம் வேறு. கியூபா நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு. அந்த ஈரத்திலேயே விளைந்து, அந்த ஈரத்திலேயே பக்குவப்பட்டு, அந்த ஈரத்திலேயே சுற்றப்பட்டது. ஈரம் குறைந்தால் மேல் இலை அப்பளமாக வெடிக்கும். உள்ளே இருக்கிற எண்ணெய்ப் பசையும் மணமும் போய்விடும், பிறகு எத்தனை ஈரம் காட்டினாலும் போன மணம் திரும்பாது. ஈரம் கூடினால் ஊதிப்போகும், பற்றவைத்தால் அணைந்து அணைந்து போகும், அப்புறம் பூசணம்.

அதற்காகத்தான் மேல்நாட்டில் ‘ஹியூமிடார்’ என்று ஒரு மரப்பெட்டி. உள்ளே ‘ஸ்பானிஷ் சிடார்’ பலகை அடித்திருப்பார்கள். விசாரித்துப் பார்த்தால், அது ஸ்பெயினும் இல்லை, சிடாரும் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம்; தாவர சாஸ்திரப்படி நம் வேப்பமரத்தின் குடும்பம். வேம்புக்குப் பங்காளி! நெல் குதிருக்குள் வேப்பிலை போட்டுவைத்த நம் பாட்டிக்கும் ஹவானா வியாபாரிக்கும் ஒரே புத்திதான் ஓடியிருக்கிறது என்றதும் மாமாவுக்கு அந்தப் பெட்டிமேல் தனி மரியாதை வந்துவிட்டது.

சரி, எழுபது எங்கிருந்து வந்தது?

மேல்நாட்டில் ‘எழுபதுக்கு எழுபது’ என்று ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. வெப்பம் எழுபது டிகிரி, ஈரப்பதம் எழுபது சதவீதம். மச்சான் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்த எழுபது டிகிரி, ஃபாரன்ஹீட் கணக்கு. நம் கணக்கில் 21 டிகிரி. பெரம்பலூரில் 21 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? மார்கழியில் விடியற்காலை கோலம் போடுகிற நேரத்துக்கு வந்துவிட்டு, காபி குடிப்பதற்குள் ஓடிவிடும்.

இங்கே கொஞ்சம் பாடம். தூங்காதீர்கள், சின்னப் பாடம்தான்.

ஈரப்பதம் என்று மீட்டர் காட்டுவது காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அல்ல. அந்தக் காற்றால் எவ்வளவு தாங்க முடியுமோ அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை. காற்று ஒரு பை மாதிரி. சூடு ஏற ஏறப் பை பெரிதாகும். 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 18 கிராம் நீராவி தாங்கும். 32 டிகிரியில் சுமார் 34 கிராம். எழுபது சதவீதம் என்றால் அங்கே 13 கிராம், இங்கே 24 கிராம். சம்பளம் ஐயாயிரம் வாங்குகிறவன் எழுபது சதவீதம் செலவழிப்பதும், ஐம்பதாயிரம் வாங்குகிறவன் எழுபது சதவீதம் செலவழிப்பதும் ஒன்றா? காகிதத்தில் ஒரே எண், பட்டுவாடா வேறு.

சுருட்டு எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பது பெரும்பாலும் அந்தச் சதவீதத்தைப் பொறுத்ததுதான். மச்சான் சொன்னதில் அந்த மட்டில் தப்பில்லை. தகராறு சுருட்டிடம் இல்லை. சுருட்டின் விருந்தாளிகளிடம்.

முதல் விருந்தாளி பூசணம். ஈரப்பதம் 75-ஐத் தாண்டி நின்றால் அதற்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. 21 டிகிரி அறையில் மெதுவாக யோசித்து வரும்; 32 டிகிரி அறையில் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும். எழுபதில் வைத்தால் எழுபத்தைந்துக்கு இடைவெளி ஐந்துதான். மழை நாளில் நாலு தடவை பெட்டியைத் திறந்து மூடினால் அது காணாமல் போகும்.

இரண்டாவது விருந்தாளி வண்டு. செம்பழுப்பு நிறத்தில் எள்ளளவு இருக்கும். சுருட்டின் மேல் குண்டூசியால் குத்தினாற்போல ஓட்டை தெரிந்தால் அவர் வந்து சாப்பிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். இலையிலேயே முட்டையாக இருந்து, 24 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்க ஆரம்பிப்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தது சுமார் 30 டிகிரி. அதாவது, எங்கள் வீட்டு ஹால். இந்த வண்டு புகையிலையோடு நிற்பதில்லை. மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாம் தின்னும்.

“அட, நம்ம மொளகா வத்தல்ல வர்ற வண்டா? அதுக்கா இவ்வளவு பீத்தல்?” என்றாள் அத்தை. எல்லாம் தெரிந்தவள்.

வண்டுக்கு வைத்தியம் உண்டு. காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேல் இலை விரிந்து கிழியும். முட்டையோடு கதை முடிந்தது. ‘அப்படியானால் ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிடலாமே’ என்று புத்திசாலிகள் கேட்பார்கள். கூடாது. இப்போதைய ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும். ஒரு முடி கறிவேப்பிலையைத் திறந்து வைத்துப் பாருங்கள், நாலே நாளில் தெரியும். மேலும் அங்கே இட்லி மாவு இருக்கிறது, மல்லிகைப் பூ இருக்கிறது, முந்தாநாள் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. புகையிலை மணத்தைப் பிடித்துக்கொள்கிற ஜாதி. கருவாட்டு வாசனையில் ஹவானா எப்படியிருக்கும் என்று எந்தக் கியூபாக்காரனும் யோசித்திருக்க மாட்டான்.

அடுத்தது மீட்டர். மீட்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா? ஆட்டோ மீட்டரை நம்புகிற அளவுக்கு நம்பலாம். முதல் நாள் ஹாலில் வைத்தோம், 52 என்றது. மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் தராசு பார்த்த கை. “எடைக்கல்லு சரியான்னு பாக்காம எடை போடக்கூடாது மாப்ள” என்றார்.

இதற்கு எடைக்கல் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. உப்பு!

ஒரு பாட்டில் மூடியில் ஒரு ஸ்பூன் தூள் உப்பு. நாலைந்து சொட்டுத் தண்ணீர். கரைந்துவிடக் கூடாது, சேறு மாதிரி இருக்க வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து இறுக்கி மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். மூடிய இடத்தில் ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்திவிடும். குளிரோ வெயிலோ, அந்த எண் அசைவது அபூர்வம். அரிச்சந்திரன் வீட்டுச் சாட்சி. எங்கள் மீட்டர் 71 காட்டியது. ஆக நாலு குறைவு. அன்றிலிருந்து மாமா எந்த எண்ணைப் பார்த்தாலும் நாலு கூட்டித்தான் படிக்கிறார். (அத்தை வயசைச் சொல்லும்போது நாலு குறைப்பதையும் கூட்டிப் படிக்கிறார் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு.)

அத்தையிடமும் ஒரு மீட்டர் இருந்தது. மழைக் காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து, “உப்பு கசியுது, இன்னிக்கு வத்தல் எடுத்துக் காய வெக்காதே” என்பாள். விஞ்ஞானமும் அதுதான். சுத்தமான உப்பு கசிய ஆரம்பித்தால் காற்று 75-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். கல் உப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் கொஞ்சம் முன்கூட்டியே அழும். அவ்வளவுதான்.

திருத்தின மீட்டரை வைத்துக்கொண்டு மாமா ஒரு நோட்டுப் போட்டார். சிமென்ட் ஸ்டோர்ஸ் கையெழுத்து. தேதி, நேரம், வெப்பம், ஈரம் என்று நாலு காலம். சித்திரை மத்தியானம் ஹாலில் 35 வரை இறங்கியது. ஐப்பசியில் அடைமழை பிடித்த காலை ஒன்றில் 90-ஐத் தொட்டது. ஒரே ஹால், ஒரே மீட்டர். ஹவானாக்காரனுக்குக் காற்று ஒரே மாதிரி. எங்களுக்கு ஆறு மாதம் சூளை, மூன்று மாதம் தொட்டி, மிச்சம் மூன்று மாதம் மனுஷன் வாழத் தகுந்தது. இதில் எந்த எண்ணை வைத்தாலும் காற்று அதை இழுத்துக்கொண்டே இருக்கும். சித்திரையில் கீழே, ஐப்பசியில் மேலே.

அரியலூர் ஒரு காலத்தில் கடலாக இருந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டைனோசர் காலத்துக் கடல். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. அன்றைக்கு ஈரப்பதம் நூறு. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லில்தான் சிமென்ட். அந்தச் சிமென்ட்டுக்கோ ஈரமே ஆகாது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்தே கட்டி தட்டிவிடும். அதனால் தரையில் படாமல் பலகை போட்டு, சுவரில் படாமல் இடம் விட்டு, முதலில் வந்த மூட்டையை முதலில் அனுப்பி... மாமாவின் முப்பது வருஷ வேதம் இது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதம். சிமென்ட்டுக்கு எலும்பு உலர்ச்சி. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம். ஒரு மழை பெய்தால் விவசாயி ரோட்டில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்தப் பதினேழுக்காகத்தான்.

வெங்காயத்துக்கு?

இங்கேதான் நான் ஆடிப்போனேன். வெங்காயத்தைச் சாதாரணக் காற்றில் சேமித்து வைக்கப் புத்தகங்கள் சொல்கிற வெப்பம் 25-லிருந்து 30 டிகிரி. ஈரப்பதம்... 65-லிருந்து 70! கியூபாச் சீமான் சுருட்டுக்கும் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்கும் ஒரே ஜாதகம்! ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“எழுபதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? என் பட்டறையைக் கேளு” என்றார்.

பட்டறை என்றால் கொல்லன் பட்டறை இல்லை. எங்கள் ஊரில் வெங்காயம் அடுக்கி வைக்கிற கொட்டகைக்குப் பெயர் அது. கீழே கல் வைத்து, அதன்மேல் கட்டை பரப்பி, தரைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே காற்று ஓட வழி விட்டு, பக்கத்துக்குப் படல் கட்டி, மேலே கீற்றுப் போட்டு மூடுவார்கள். நாலு பக்கமும் காற்று, மேலே நிழல். விலை ஏறுகிற வரைக்கும் வெங்காயம் அங்கே காத்திருக்கும். விலைக்காக மட்டும் இல்லை. சின்ன வெங்காயத்தை நடுவதே வெங்காயத்தைத்தான். அடுத்த போகத்துக்கு விதை அதிலிருந்துதான் வர வேண்டும். பட்டறை அழுகினால் இந்த வருஷ வரவும் போச்சு, அடுத்த வருஷ முதலும் போச்சு. பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒரே நாளில் கிழிகிற வியாபாரம்.

மாமாவின் பட்டறை ஒரு ஐப்பசியில் அப்படி அழுகியது. விலை இன்னும் ஏறும் என்று நிறுத்தி வைத்திருந்தார். ஒரு வாரம் விடாத மழை, கீற்றில் ஒழுக்கு. படலைப் பிரித்தபோது தெரு முனை வரைக்கும் நாற்றம். முக்கால்வாசி குப்பைக்குப் போயிற்று. அந்தப் பணம் மச்சானின் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸுக்கு என்று ஒதுக்கி வைத்த பணம். அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். ஏ.சி. ரிப்பேர் கற்றான். துபாய் போனான். இதை மாமா ஒருநாளும் சொன்னதில்லை. அத்தைதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்த ஈரம்தான் என் புள்ளைய அந்தக் கண்டத்துக்கு அனுப்புச்சு.”

அப்போதுதான் புரிந்தது, ரிட்டையரான மனுஷன் பிடிக்காத சுருட்டுக்கு நோட்டுப் போட்டுத் தினம் இரண்டு வேளை ஏன் எழுதுகிறார் என்று. ஈரத்திடம் ஒரு தடவை தோற்றாயிற்று. மகன் கொடுத்ததை அதனிடம் இன்னொரு தடவை விடுவதாக இல்லை.

“அப்ப பெட்டியையும் பட்டறை மாதிரி காத்தோட்டமா வெச்சுடலாமா மாமா?” என்றேன்.

சிரித்தார். “மாப்ள, வெங்காயத்துக்கு உசுரு இருக்கு. மூச்சு விடும். மூச்சு விட்டா சூடு வரும், வேர்க்கும். அடைச்சா தன் வேர்வையிலயே அழுகும். அதுக்குக் காத்து வேணும். சுருட்டு செத்த எல. அது மூச்சு விடறதில்ல. அதுக்குக் காத்துதான் எமன். அடைச்சு வெக்கணும்.”

ஒரே எண், நேர் எதிரான வழி. எண்ணைப் படிக்கிறவன் நான். பொருளைப் படிக்கிறவர் அவர். பி.காம்.முக்கும் பட்டறைக்கும் அதுதான் வித்தியாசம்.

கடைசியில் மாமா சபையைக் கூட்டினார். மச்சான் வீடியோ காலில். தீர்ப்பு: அறுபத்தைந்து.

காரணங்களையும் வரிசையாகச் சொன்னார். ஒன்று, நம் வீடு 21 டிகிரி இல்லை, 30. சூடு கூடினால் ஈரத்தைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் பூசணத்துக்கும் வண்டுக்கும் வாசல் சாத்தியிருக்கும். இரண்டு, 65-ல் வைத்தால் எழுபத்தைந்துக்கு முன்னால் பத்துப் படி இருக்கிறது. மழைக் காலத்தில் நாலு படி ஏறினாலும் பயமில்லை. மூன்று, கொஞ்சம் காய்ந்த சுருட்டை மெதுவாக ஈரம் காட்டிச் சரி பண்ணலாம். பூசணம் பூத்ததைச் சரி பண்ண முடியாது. “தப்பு பண்றதா இருந்தா, திரும்பி வர வழியிருக்கிற பக்கமாப் பண்ணு” என்றார். மேனேஜ்மென்ட் கோர்ஸில் லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிற பாடம்.

மச்சான் பதில் பேசவில்லை. ஏ.சி. மெக்கானிக்குக்குத் தெரியாதா? “சரிப்பா” என்றான்.

ஏற்பாடும் எளிமையானதுதான். சுருட்டை, அது வந்த மரப்பெட்டியோடு, ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கினார். அதற்குள் ‘போவிடா’ பொட்டலம் ஒன்று. உப்புக் கரைசல் அடைத்த சின்னப் பை. ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும். 62, 65, 69, 72 என்று எண் போட்டே விற்கிறார்கள். எங்களுடையது 65. தொட்டால் நெகிழ்வாக இருக்கும்வரை உயிரோடிருக்கிறது. கட்டியாக இறுகினால் மாற்ற வேண்டும். அத்தை வெற்றிலைக்குச் சுற்றுவதுபோல ஈரத்துணி சுற்றலாம் என்றாள். கூடவே கூடாது. ஈரத்துணிக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும், வாங்கத் தெரியாது. மூடிய டப்பாவில் அது நூறை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

டப்பா எங்கே? பரண்மேல் வைக்கலாம் என்றார்கள். சித்திரையில் ஓட்டுக்குக் கீழே பரண், தோசைக் கல். பீரோ தலைமேலும் அதே கதை. வடக்கு அறையில், சிவப்பு சிமென்ட் தரையை ஒட்டி, வெயில் படாத மூலையில், ஒரு பலகை மேல் வைத்தார். மீட்டரைக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஹாலைவிட மூன்று டிகிரி குறைவு. நெல் குதிர் இருந்த இடம். பாட்டி காலத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட மூலை.

சுருட்டே வைத்திராத வாசகருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். கேமரா லென்ஸில் பூசணம் பூத்தவர்கள், கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போனவர்கள், பத்திரத்தைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் கொடுத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். சொல்ல வருவது ஒன்றுதான். எந்த ஊர்ப் புத்தகத்திலிருந்தும் எண்ணை மட்டும் பெயர்த்துக்கொண்டு வராதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு வெயில் இருக்கிறது. முதலில் உங்கள் மீட்டரை உப்பில் சோதியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டின் சித்திரையையும் ஐப்பசியையும் எழுதிப் பாருங்கள். அதற்கப்புறம் எண்ணைத் தேடுங்கள்.

பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையை உள்ளே இழுக்கவில்லை என்பதால் சுருட்டு சாது என்று நினைக்க வேண்டாம். வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தர அது போதும். சுருட்டு சம்பந்தமாக மிகச் சரியான சதவீதம் எது என்று என்னைக் கேட்டால் 85 என்பேன். நம் நாட்டில் 2016 ஏப்ரலிலிருந்து புகையிலைப் பெட்டிகளின் மேல் எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று வைத்த பரப்பு அது.

மாமாவுக்கு அந்தப் படம் தேவையில்லை. மாதம் ஒருமுறை டப்பாவைத் திறக்கிறார். ஒரு சுருட்டை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக அழுத்துகிறார். அமுங்கி, மறுபடி எழும்ப வேண்டும். சடசடக்கக் கூடாது, சொதசொதக்கக் கூடாது. கிட்டத்தில் கொண்டுபோய் ஒருமுறை முகர்கிறார். அத்தை அந்த நேரத்தில் மட்டும் கொல்லைப் பக்கம் போய்விடுகிறாள். அப்புறம் அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடி, நோட்டில் எழுதுகிறார்.

போன மாதம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். கணக்குப் பிள்ளை புத்தி, கடைசிப் பக்கத்துக்குத்தான் போயிற்று.

ஆரம்ப இருப்பு: 25. வரவு: இல்லை. செலவு: இல்லை. ஈரம்: 65. இறுதி இருப்பு: 25.

அதற்குக் கீழே, எந்தக் காலத்திலும் சேராமல், ஓரமாக ஒரு வரி: ‘தம்பி தையில் வருகிறான். பெண் பார்க்க வேண்டும்.’